இடது தோளில் ஒரு தட்டு

அத்தியாயம் 17

அம்மா சரி என்று சொன்ன நாளிலிருந்து அப்பா படியேறி வரும் சத்தமே மாறிப்போயிருந்தது. முன்பெல்லாம் தண்டனை வாங்க வருகிறவர் போல ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வருவார். இந்த வாரம் இரண்டிரண்டு படியாகத் தாவினார்.

பாப்பா அதைக் கீழே தன் சலூனில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்தேழு வயது. கீழே கடை, மேலே வீடு, சனிக்கிழமை என்றால் உட்கார இடமில்லாமல் வாடிக்கையாளர்கள். இருந்தும் அப்பா அம்மாவுக்கு அவள் பாப்பாதான்.

அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து, மேலே அவளுடைய சோபாவில் கோடைகாலத்திலிருந்து படுத்துக்கொண்டிருப்பவள் அம்மா.

அம்மா பஸ் டிப்போவில் டைம்டேபிள் போடுகிறவள். அப்பா கண்ணாடிக்காரர், ஜன்னல்களுக்கு அளவெடுத்துக் கண்ணாடி அறுத்துப் பொருத்துவது தொழில். அப்பாவுக்குக் கொஞ்சல் வந்தால் அவளை 'டிப்போ' என்பார். அம்மாவுக்குக் கோபம் வந்தால் அவரைக் 'கண்ணாடிக்காரரே' என்பாள். கோடையிலிருந்து இரண்டாவது மட்டும்தான் காதில் விழுந்துகொண்டிருந்தது.

சண்டைக்குக் காரணம் தம்பி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். படிப்பைக் கடைசி வருடத்தில் விட்டுவிட்டுச் சரக்குக் கப்பலில் சமையல்காரனாகப் போய்விட்டவன் அவன். ஆனால் அம்மாவுக்கு அவன் போனது அல்ல பிரச்சினை. அவன் போகப்போவது அப்பாவுக்கு மாதக்கணக்காகத் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு அது மருந்துக்கடைக்காரர் மூலமாகத் தெரியவந்தது.

கேட்டதற்கு அப்பா சொன்னது ஒரே வாக்கியம். "சொன்னா நீ வருத்தப்படுவேன்னுதான்."

அந்த வாக்கியத்துக்கு அந்த வீட்டில் பெரிய சரித்திரம் உண்டு. பூனை லாரியில் அடிபட்டுச் செத்ததை, 'எங்கேயோ சுத்தப் போயிருக்கு' என்று ஒரு மழைக்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் அப்பா. அம்மா தினமும் சாயங்காலம் கிண்ணத்தில் பால் வைத்தாள். அப்பா தினமும் காலையில் அதை ரகசியமாகக் கொட்டிக் கழுவினார். அன்புதான். ஆனால் அந்த அன்போடு ஒருத்தி எத்தனை வருடம்தான் குடித்தனம் நடத்துவாள்?

போன வாரம் அப்பா இரண்டு புது ரெயின்கோட்டோடு வந்து நின்றார். கல்யாணமான முதல் வருடம், இலையுதிர்காலத்தின் கடைசி வாரத்தில், கடலோரச் சாலையில் மழையோடு மழையாக மோட்டார் சைக்கிளில் போனோமே, அதேபோல இன்னொரு தடவை போகலாமா என்றார். அந்த வாரத்தை விட்டால் குளிர்காலத்துக்குச் சாலையை மூடிவிடுவார்கள். பாறை சரியும்.

அம்மா வெகுநேரம் ரெயின்கோட்டின் பொத்தான்களைப் போட்டுப் போட்டுக் கழற்றினாள். பிறகு சொன்னாள். "வர்றேன். ஆனா என்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது. பூனை, நாய், எதையும். ஒண்ணு மறைச்சது தெரிஞ்சாலும் நான் வேற ஊர் டிப்போவுக்குப் போயிடுவேன்."

அது வெறும் மிரட்டல் அல்ல. வேறு ஊர் டிப்போவில் அவளுக்கு இடம் காத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பயணமும் திங்கட்கிழமைதான்.

இது சனிக்கிழமை.

* * *

காலையில் முதல் வாடிக்கையாளராக அப்பா வந்து உட்கார்ந்தார். ஹெல்மெட் போட வேண்டும், முடியைக் குறைத்துவிடு என்றார். மத்தியானம் மலைமுனை வரை ஒரு ஒத்திகை ஓட்டம் வைத்திருக்கிறார்களாம். பெட்டிகள் ஆடுகிறதா, ரெயின்கோட்டுக்குள் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க. வழித்திட்டம் முழுவதும் அம்மா கையில். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கால் நீட்ட வேண்டும், எங்கே பெட்ரோல் என்று எல்லாம் போட்டுவிட்டாளாம்.

"எனக்குத் தும்மல் வந்தாக்கூட அடுத்த நிறுத்தத்துலதான் தும்மணும்," என்றார் அப்பா, பெருமையாக.

பாப்பா சிரித்துக்கொண்டே அவரைத் தலை கழுவும் தொட்டிக்கு அழைத்துப் போய்ச் சாய்த்து உட்கார வைத்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு இடது கையைத் தொட்டியின் விளிம்பில் போட்டுக்கொண்டார். அவள் குழாயைத் திறந்தாள். அந்த ஹீட்டருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மேலே யாராவது தண்ணீரை மூடினால் கீழே சட்டென்று கொதிக்கும். மேலே அம்மா குளித்து முடித்திருக்க வேண்டும். பாப்பாவின் விரல் சுரீரென்றது. கைக்குழாயைத் தட்டிவிட்டாள். அது துள்ளிப்போய் அப்பாவின் இடது கைமேல் பாய்ந்தது.

ஆவி பறந்தது. புறங்கை சிவந்தது.

அப்பா கண்ணை மூடியபடி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பாப்பா தண்ணீரை நிறுத்தினாள். முணுமுணுப்பு நிற்கவில்லை. அவள் மெதுவாகச் சீப்பை எடுத்து அதன் கூரான வால்முனையால் அவர் சுண்டுவிரலில் அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். பாட்டு அடுத்த வரிக்குப் போயிற்று.

"அப்பா."

"ம்."

"கையை எடுங்க."

"எந்தக் கையை?" என்றவர் கண்ணைத் திறந்து பார்த்தார். சிவந்த கையைப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். கையை மெல்லத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். பூனையின் பால் கிண்ணத்தோடு பிடிபட்டிருந்தால் எப்படி இருந்திருப்பாரோ அப்படி இருந்தார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் கேட்கக் கேட்க, விஷயம் துண்டு துண்டாக வந்தது. ஒரு பெரிய ஜன்னல் கண்ணாடியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது கழுத்தில் ஏதோ சுளுக்கியது. அப்புறம் இடது தோளிலிருந்து விரல் வரை மரத்துப்போயிற்று. டாக்டர் பார்த்தார். கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கிறது, ஸ்கேன் எடுக்க வேண்டும், சரியாகிவிடும், அதுவரை வண்டி ஓட்டக் கூடாது என்றார். ஸ்கேனுக்குக் கிடைத்த நாள் பயணம் முடிந்த பிறகு வருகிறது.

"அப்ப கிளட்ச்?"

"பலம் இருக்கு பாப்பா. உணர்ச்சிதான் இல்லை. கண்ணால பார்த்துப் பிடிச்சுக்கிறேன்."

கண்ணால் பார்த்து. மழையில், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல் இருக்கும் சாலையில், கையைப் பார்த்துக்கொண்டு ஓட்டப் போகிறார்.

அவள் கோபத்தில் துண்டை உதறினாள். இப்போதே மேலே போய் அம்மாவிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்றாள். அப்பா நாற்காலியிலிருந்து எழவே இல்லை. இப்போது சொன்னால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாள், பயணமும் போச்சு, அவளும் போய்விடுவாள் என்றார். நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் பாப்பாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சாயங்காலம் நானே சொல்றேன். சத்தியமா. இந்த ஒத்திகை மட்டும் போயிட்டு வந்துடறேன். மலைமுனை வளைவுல கடல் தெரியும் பாரு, அதைப் பார்த்தா உங்கம்மா மனசு கொஞ்சம் இளகும். அந்த நேரம் பார்த்துச் சொல்லிடறேன்."

"ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"பக்கத்துலதானே."

"பின்னாடி அம்மா உட்கார்ந்திருப்பாங்க."

"அவளைப் பின்னாடி வெச்சுக்கிட்டு நான் என்னைக்காவது கீழே போட்டிருக்கேனா?"

முடி நனைந்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு, இன்னும் வெட்டாத தலையோடு அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். சாயங்காலம் வரைதான் என்றாள் பாப்பா. சொல்லி முடித்ததுமே அதைத் திரும்ப விழுங்கிவிட வேண்டும் போலிருந்தது.

* * *

அவள் சும்மா இருந்துவிடவும் இல்லை. மத்தியானம் அம்மா புது ரெயின்கோட்டில் இறங்கி வந்தபோது, வெளியே மழை பலமாக இருக்கிறது, நாளைக்குப் போகலாமே என்றாள்.

"மழைக்குத்தானேடி ஒத்திகை," என்றாள் அம்மா. "வெயில் அடிச்சா எதைச் சோதிச்சுப் பார்க்கறது?"

அம்மா தன் சிவப்பு ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தாள். கூந்தலைப் புதுவிதமாகச் சுற்றிக் கழுத்தோடு முடிந்திருந்தாள். உதட்டில் மெல்லிய சாயம். ஹெல்மெட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று பாப்பாவால் கேட்க முடியவில்லை. யார் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும்.

அப்பா கறுப்பு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். முதல் கியரில் வண்டி ஒரு துள்ளு துள்ளியது. அம்மாவின் கை சட்டென்று பின்கம்பியைப் பிடித்தது. பாப்பா கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று அவர்கள் தெருமுனை திரும்பும் வரை பார்த்தாள்.

சின்ன வயதில் அவளும் அந்த வண்டியில் இருவருக்கும் நடுவே செருகி வைக்கப்பட்டுப் போயிருக்கிறாள். ஹெல்மெட்டும் மழையும் காற்றும் சேர்ந்தால் பேசினால் கேட்காது. அதனால் அம்மாவும் அப்பாவும் ஒரு தட்டுப் பாஷை வைத்திருந்தார்கள். வலது தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. இடது தோளில் தட்டினால் வேறு அர்த்தம். அங்கே பார், எவ்வளவு அழகாக இருக்கிறது. அப்பா திரும்பிப் பார்க்க மாட்டார், சாலையில் கண் இருக்க வேண்டும். தலையை மட்டும் ஒரு முறை ஆட்டுவார். பார்த்தேன், நீ சொன்னதைக் கேட்டேன், நானும் உன்னோடுதான் இருக்கிறேன். இத்தனையும் அந்த ஒரு தலையாட்டலில் அடங்கிவிடும். நடுவில் நசுங்கியபடி பாப்பா அதைத் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டே வருவாள்.

இடது தோள்.

பாப்பாவின் கையில் கத்தரிக்கோல் நின்றது. நாற்காலியில் இருந்த பள்ளி ஆசிரியை, என்ன ஆயிற்று என்று கண்ணாடியில் கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் பாப்பா.

போனில் கூப்பிட்டால் அம்மா எடுக்க மாட்டாள், அது வண்டிப் பெட்டிக்குள் இருக்கும். அப்பா எப்போதும் போனைப் பட்டறையில் விட்டுவிட்டுப் போகிறவர். மழை கண்ணாடியில் சரிந்து இறங்கியது. ஒரு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு கடல் இருக்கும் திசையில் போயிற்று. அடுத்து வந்தவரின் காதோரம் அவள் சீவியது சரியாக வரவில்லை. மறுபக்கத்தையும் குறைத்துச் சரிசெய்தாள். அதற்காக இந்தப் பக்கத்தை மறுபடி குறைக்க வேண்டி வந்தது. அவர் தலையைத் தடவிக்கொண்டே போனார்.

இருட்டத் தொடங்கும்போது வண்டிச் சத்தம் கேட்டது. பாப்பாவின் மூச்சு அப்போதுதான் சரியாக வந்தது.

அம்மா தனியாக உள்ளே வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. சலூனைத் தாண்டி, யாரையும் பார்க்காமல், நனைந்த காலோடு படியேறிப் போனாள். ஒவ்வொரு படியிலும் தண்ணீர்.

பாப்பா கடைசி வாடிக்கையாளரைப் பாதியில் வேறொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

* * *

மேலே அம்மா சிவப்பு ஹெல்மெட்டை மேஜையில் வைத்துவிட்டு ரெயின்கோட்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். முகம் துடைத்துவிட்ட பலகை போலிருந்தது. சாயத்தையும் துடைத்துவிட்டிருந்தாள்.

"பயணம் கிடையாது," என்றாள். "திங்கக்கிழமை டிப்போவுக்குப் போன் பண்ணி வர்றேன்னு சொல்லிடப் போறேன்."

அப்பா சொல்லிவிட்டார் என்றுதான் பாப்பா முதலில் நினைத்தாள். அரைப் பங்கு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதி அம்மாவின் அடுத்த வாக்கியம் வரைக்கும்தான் இருந்தது.

"உங்கப்பாவுக்கு இஷ்டமில்லை. வாயால சொல்ல தைரியம் இல்லை, அவ்வளவுதான்."

போகும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி இழுத்து இழுத்துப் போயிற்றாம். யார் மேலோ இருக்கிற கோபத்தை கிளட்ச் மேல் காட்டுகிறார் என்று அப்போதே தோன்றியதாம். அது போகட்டும் என்று இருந்திருக்கிறாள். மலைமுனை வளைவில் மேகம் கொஞ்சம் விலகி, கடல் முழுசாக ஈய நிறத்தில் கீழே விரிந்தபோது அவளுக்கே தெரியாமல் கை எழுந்துவிட்டது.

"தட்டினேன்," என்றாள் அம்மா.

பாப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அசையலை. சரி, கவனிக்கலை போலன்னு இன்னொரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை, வலிக்கிற மாதிரி. சுவரைத் தட்டற மாதிரி இருந்துச்சு. நான் வீட்டை விட்டு வந்ததுக்கு அப்புறம் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?"

அம்மா அழவில்லை. அவள் அழுதிருந்தால் பாப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சோபாவுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, கால் கட்டைவிரலால் திறந்தாள். மடித்து வைத்த உடுப்புகளை மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.

சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் அப்பா மறைத்தது வெளியே வரும். ஒன்று மறைத்தாலும் என்று அம்மா சொன்னது சொன்னதுதான். சொல்லாவிட்டால், இருபத்தெட்டு வருடத்தில் ஒரு முறைகூடத் தவறாத தலையாட்டலை அவர் வேண்டுமென்றே மறுத்தார் என்று நம்பிக்கொண்டு அம்மா வேறு ஊருக்குப் போவாள். எந்தக் கதவைத் திறந்தாலும் அம்மா அதன் வழியாகத்தான் வெளியே போகப்போகிறாள்.

"அம்மா, அவர் ஒருவேளை..."

"வக்கீல் வேலை பார்க்காதே."

படியில் காலடி கேட்டது. இரண்டிரண்டாக அல்ல. ஒவ்வொரு படியாக, நின்று நின்று.

அப்பா வாசலில் நின்றார். கறுப்பு ஹெல்மெட்டை மேஜையில் வைத்தார். பக்கத்தில் சாவி. வலது கையுறையைக் கழற்றியிருந்தார். இடது கையுறை கையிலேயே இருந்தது. திறந்திருந்த பெட்டியைப் பார்த்தார்.

"என்ன இது?"

"பெட்டி," என்றாள் அம்மா. "உங்களுக்குப் பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாம், கண்ணாடிக்காரரே. நடுரோட்டுல வெச்சு அவமானப்படுத்தியிருக்க வேண்டாம்."

"நான் என்ன பண்ணேன்?"

"நான் தட்டினேன்."

அப்பாவின் வாயிலிருந்து ஒரே சொல் வந்தது. "எப்போ?"

 கீழே ஹீட்டர் உறுமி அடங்கியது. அம்மாவின் கையில் பாதி மடித்த சட்டை. தட்டியதே அவருக்குத் தெரியாது என்பது அவள் முகத்தில் மெதுவாக ஏறியது. ஏறியதும் அது இன்னும் கோணலான ஏதோ ஒரு சந்தேகமாக மாறியது.

பாப்பா அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பொய் தயாராகிக்கொண்டிருந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். புருவம் லேசாக உயரும். கண் ஜன்னல் பக்கம் போகும். சாலை வழுக்கலாக இருந்தது, தலையை ஆட்டப் பயந்தேன், கடல் அழகாகத்தான் இருந்தது டிப்போ. அவ்வளவு சொன்னால் போதும். அம்மா முக்கால்வாசி நம்பிவிடுவாள். நம்ப வேண்டும் என்றுதான் அவளுக்கும் ஆசை.

புருவம் உயர்ந்தது. கண் ஜன்னலுக்குப் போயிற்று.

பிறகு அவர் மேஜையோரம் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஈர ஜாக்கெட்டை ஒற்றைக் கையால் கழற்றிக் கீழே போட்டார்.

"இப்ப தட்டு."

"என்ன விளையாட்டு இது?"

"தட்டு. அதே தோள்."

அம்மா மகளைப் பார்த்தாள். பாப்பா தரையைப் பார்த்தாள். அம்மா சட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்து அவர் பின்னால் நின்றாள். கை கொஞ்சம் தயங்கியது. பிறகு தட்டினாள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு கேட்கப்படுவதற்குக் காத்திருக்கும் பையனைப் போல, முழுக் கவனத்தோடு.

அம்மா மறுபடி தட்டினாள். உள்ளங்கையை அப்படியே தோளில் பதித்து, விரல்களை மடக்கி, பிடித்தாள்.

"தட்டும்மா," என்றார் அப்பா. "இன்னும் தட்டலையா?"

அம்மாவின் கை அவர் தோள்மேல் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. அப்படியே முன்னால் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்தார். எவ்வளவு நேரமாக அவள் கை அங்கே இருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் உதடு கோணியது.

அதன் பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஜன்னல் கண்ணாடி, சுளுக்கு, டாக்டர், ஸ்கேன். ஓட்டக் கூடாது என்று சொன்னதையும் விடவில்லை. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, காலையில் வெந்த புறங்கையைக் காட்டினார். அம்மா கேள்விகளைக் குறுக்கே போடவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும், எந்த டாக்டர் என்று கேட்டாள்.

"சொன்னா நீ..." என்று தொடங்கி, அப்பா நிறுத்திக்கொண்டார். "சொன்னா நீ போயிடுவேன்னு பயந்தேன். உனக்காக இல்லை. எனக்காகத்தான் மறைச்சேன்."

இத்தனை வருடத்தில் அந்த வாக்கியம் அப்படி முடிந்து பாப்பா கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அம்மாவின் கட்டைவிரல் அவர் கழுத்தடியில் ஏதோ முடிச்சைத் தேடுவது போல நகர்ந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று பாப்பாவுக்குத் தோன்றிய அந்த நேரத்தில்தான் அம்மா நிமிர்ந்தாள்.

"கையில இந்தக் காயம் எப்படி?"

"சுடுதண்ணி. சலூன்ல."

"பாப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றார் அப்பா உடனே. யோசிக்கவே இல்லை. மூச்சு விடுவது போல வந்துவிட்டது. "அவளுக்கு எதுவும் தெரியாது. பாவம், இப்பதான் கேட்கறா."

அவர் முகத்தைப் பார்த்தால் தான் செய்தது அவருக்கே தெரியவில்லை என்று தோன்றியது. புருவம்கூட உயரவில்லை.

அம்மா அவரை விட்டுத் திரும்பினாள். பாப்பாவைப் பார்த்தாள். அப்பா சொன்னது சரி என்று தலையை ஆட்டினால் போதும். அப்பா தப்பிப்பார், அவளும் தப்பிப்பாள். இல்லை என்றால், வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைச் சொல்லி இன்னும் சட்டையின் ஈரம் காயாத மனிதரை அவளே காட்டிக்கொடுக்க வேண்டும்.

"காலையிலேருந்து தெரியும்மா," என்றாள் பாப்பா.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரிஞ்சும் என்னை அந்த வண்டியில ஏத்தி அனுப்பினே."

"சாயங்காலம் சொல்லிடுவேன்னு அப்பா..."

"அவர் தோள் மரத்துப்போச்சு. சரி. உனக்கு என்னடி மரத்துப்போச்சு?"

 அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த ஈர ரெயின்கோட்டை எடுத்து மாட்டினாள். மேஜையில் இருந்த சாவியை எடுத்தாள். ஹெல்மெட்டை எடுத்தாள். வாசலில் ஒரு வினாடி நின்றாள்.

"ஒரு குடும்பம். அப்பனும் மகளும் பிள்ளையும், மூணு பேர். ஒருத்தருக்காவது வாய்ங்கறது ஒண்ணு இருக்கான்னு பார்த்தா..."

முடிக்காமல் இறங்கிப் போனாள். கீழ்க்கதவு திறந்து மூடியது.

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவள் கேட்டாள். தெரியவில்லை என்றார். உண்மையாகவே தெரியவில்லை, பாப்பா, வாய் தானாகப் போய்விட்டது என்றார். பஸ் நிறுத்தம் வரை நடப்பாள், குளிர்ந்ததும் வந்துவிடுவாள் என்று பாப்பா தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. பஸ்ஸுக்குப் போகிறவள் சாவியை எதற்கு எடுத்துப் போகிறாள்?

கீழே மோட்டார் சைக்கிள் உறுமியது.

இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு ஓடினார்கள். தெருவிளக்கின் கீழே, சாய்வாக விழும் மழையில், வண்டியின் முன்சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தரையைக் கால் முனையால் தள்ளி, ஸ்டாண்டை உதைத்து மடக்கினாள்.

"அவளுக்கு ஓட்டத் தெரியாதே," என்றார் அப்பா.

வண்டி நகர்ந்தது. ஒரு துள்ளல் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. தெருமுனை வரை போய், குறுகலான இடத்தில் காலை ஊன்றாமல் திரும்பி, நேராக அவர்களை நோக்கி வந்தது.

பாப்பாவுக்கு வரிசையாக ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் டிப்போவில் வேலை பாக்கி இருக்கிறது என்று அம்மா போனது. ஞாயிற்றுக்கிழமை டிப்போ மைதானம் காலியாகத்தான் இருக்கும். முழங்கையில் சிராய்ப்பு, அலமாரி இடித்துவிட்டது என்றாள். இன்று சாயங்காலம்கூட, கிளட்சை விடும்போது இழுக்கிறது என்றாளே. பின்சீட்டிலேயே உட்கார்ந்து பழகியவளுக்கு அது எப்படித் தெரிந்தது?

எதையும் மறைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டவள்.

"யாரு சொல்லிக்கொடுத்தது இவளுக்கு?" அப்பா கேட்டது மெல்லத்தான். ஆனால் அந்தக் குரலில் வியப்பு மட்டும் இல்லை.

பாப்பாவுக்கும் தெரியாது.

ஜன்னலுக்கு நேர் கீழே வண்டி நின்றது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மழைத்துளி வழியும் ஹெல்மெட் கண்ணாடிக்குள் அவள் முகம் தெரியவில்லை. இடது கை கிளட்சை அழுத்திப் பிடித்திருந்தது. வலது காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு, வலது கையைப் பின்னால் கொண்டுபோய்க் காலியாக இருந்த பின்சீட்டில் தட்டினாள்.

ஒரு தட்டு. அவ்வளவுதான்.

"நான் பின்னாடி உட்கார்ந்ததே இல்லை," என்றார் அப்பா, யாரிடமோ சொல்வது போல.

அவர் திரும்பி மேஜையைப் பார்த்தார். அம்மா எடுத்துப் போனது கறுப்பு ஹெல்மெட்டை. மேஜையில் அவருக்காக மிச்சம் இருந்தது சிவப்பு மட்டும்தான், உள்ளே அவளுடைய நீளமான ஒரு முடி ஒட்டியபடி.

கீழே வண்டி உறுமிக்கொண்டே காத்திருந்தது.